அவள் உறங்காத வருடங்கள்

புரஸ்டேட் புற்றுநோய்க்காக எனக்கு ஊசி போடத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் தூக்கம் கெட்டது. நுவரெலியாக் குளிரிலும் படுத்த கொஞ்ச நேரத்தில் மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பும், சட்டை நனைந்துவிடும். பகலெல்லாம் உடம்பு கனக்கும்.

கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டொக்டர் விளக்கினார். "ஆம்பிளையளுக்கு ஆண் ஹோர்மோன் நித்திரையிலதான் கூடும், விடியப்புறம் உச்சத்தில நிக்கும். நோய் வளராமல் இருக்க ஊசி அதைக் குறைச்சிருக்கு. அதாலதான் வேர்வையும் நித்திரைக் குழப்பமும். பொம்பிளையளுக்கு மாதவிடாய் நிக்கேக்க வாறது மாதிரித்தான்."

பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவில்லை.

என் மனைவி கொழுந்து பறித்தவள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அவளுக்கு ஐம்பது வயது நெருங்கியபோது, கம்பளியை உதறிவிட்டு எழுந்து கதவைத் திறந்து வைப்பாள். குளிர் உள்ளே பாயும். "பைத்தியம் பிடிச்சிருச்சா ஒனக்கு? மனுசன் தூங்க வேணாமா?" என்று கத்துவேன். ஒருநாள் பாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாடா என்று நான் போர்த்திக்கொண்டு தூங்கினேன். இரண்டு வருடம் அப்படியே போனது. ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது நான் நனைந்து எழும்போதெல்லாம் நான் கேட்காமலே துவாயும் காய்ந்த சட்டையும் கொண்டுவந்து வைக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கும் அப்ப இப்பிடித்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க. நெருப்புப் பத்துன மாதிரி இருக்கும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிங்க சொல்றது? வாயத் தொறந்தாலே கத்துவீங்க." குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

கீரையைக் கீழே வைத்தாள். பிறகு சேலையை விலக்கி, முழங்காலில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினாள். "இது அப்ப வந்ததுதான். ராவெல்லாம் தூக்கமில்லாம மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். கண்ணு சொக்கி, கூடையோட சரிவுல விழுந்துட்டேன்."

மழையில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அப்படித்தான் அவள் சொல்லியிருந்தாள்.