கப்பலிலிருந்து மிதித்த அண்ணன்

புற்றுநோய்க்காக எனக்குக் கீமோ சிகிச்சை நடந்த மாதங்களில் டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். மூச்சு வாங்க மிதித்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் கூடுதலாக உலவுமாம். அதனால் நோய் எவ்வளவு அடங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, உடம்பு தெம்பாக இருக்கும் என்றார். கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதால் தூத்துக்குடி வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போட்டோம்.

தனியாக மிதிக்கச் சலிப்பாக இருந்தது. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் கப்பல் ஜிம்மில் சைக்கிள் மிதித்தபடி வீடியோவில் வந்தான்.

“ஏளா, மிதி! உறங்குத அணுவையெல்லாம் எழுப்பி விடு.”

சிரித்ததில் என் தொப்பி விழுந்தது. என் மொட்டைத் தலையை அதுவரை அவன் பார்த்ததில்லை. மிதித்தபடியே திரைப் பக்கம் குனிந்து பார்த்தான்.

“பொறந்தப்பவும் இப்படித்தான்ளா அழகா இருந்த” என்றான்.

விழுந்த தொப்பியை எடுக்காமல் மிதித்தேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விடுமுறையில் வந்தவனோடு கடற்கரையில் வேகமாக நடந்தேன். மூச்சு வாங்கியது அவனுக்குத்தான்.