தண்ணீர் குடிக்கப் போனவன்

எபினேசரைப் பற்றி எழுத விசேஷமாக ஒன்றும் இல்லை என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். அது ஏறத்தாழ உண்மைதான். சோழவரம் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. குடிக்க மாட்டார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், ஞாயிறு ஆராதனையைத் தவறவிட மாட்டார். இதையெல்லாம் நற்குணம் என்பதைவிடப் பயம் என்பதே பொருத்தம். கையில் கிடைத்தது நழுவிவிடுமோ என்ற பயம், குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிற எல்லோரிடமும் உண்டு.

மில்லில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் கோபால். உலையிலிருந்து சிவந்து வரும் கம்பியை நீண்ட இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் நுழைப்பது இருவரின் வேலை. கம்பி எப்போதாவது வழி தவறும். உருளைக்குள் போகாமல் எழும்பி, ஆள் நிற்கும் பக்கம் சாடும். விலக நேரம் இருந்தால் விலகலாம்.

இருவரின் வீடுகளும் எதிரெதிர் வரிசையில் இருந்தன. கோபால் பள்ளிப்பட்டுக்காரர். ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டையோடு கிளம்பும் எபினேசரைப் பார்த்து, "இன்னா மச்சான், உங்க ஆண்டவரு ஓவர்டைம் போட்டுக் குடுப்பாரா? அப்டின்னா சொல்லு, நானும் வர்றேன்" என்பார். எபினேசர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கோபாலுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. நூலகத்திலிருந்து நாவல்கள் எடுத்து வருவார். மனைவி கல்பனா தையற்கடைக்காரர் கொடுக்கும் ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருப்பாள், இவர் உரக்கப் படிப்பார். கல்பனாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் கூட்டிக் கூட்டிப் படித்தால் கதை ஓடாது. எபினேசர் கதைப் புத்தகத்தைத் தொட்டதில்லை. கதைகள் எல்லாம் பதர் என்று சபையில் சொல்லிக் கேட்டிருந்தார். பதரைப் புடைத்த கைகளிலிருந்து வந்தவர் என்பதால் அந்த உவமை அவருக்கு நன்றாகப் புரிந்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மதியம் எபினேசர் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் இடத்துக்குக் கோபால் நகர்ந்து நின்றார். கம்பி சாடியது. சென்னைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கோபால் இறந்துபோனார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சபையார் ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் சொல்லும் நேரம் அது. போதகர் அன்புராஜ் எபினேசரைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. தப்பித்தவன் நன்றி சொல்ல வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். எபினேசர் எழுந்தார்.

"எனுக்குத் தாகம் எடுத்துச்சி. அந்தத் தாகத்தக் குடுத்தவரு ஆண்டவரு. என்ன அங்கேந்து நகத்துனாரு. நான் நின்ன எடத்துல வேற ஒருத்தரு நின்னாரு, போய்ட்டாரு. என்ன காப்பாத்துன தேவனுக்கு ஸ்தோத்திரம்."

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரின் வாய் வரிசை வீடுகளைப் பார்த்துத்தான் இருந்தது. கோபாலுக்குக் காரியம்கூட முடியவில்லை. கல்பனா வீட்டுக்குள் இருந்தாள். விபத்து என்று மட்டுமே மில்லில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். புருஷன் யாருடைய இடத்தில் நின்றான் என்பது அவளுக்கு அந்த ஸ்பீக்கர் வழியாகத்தான் தெரிந்தது.

ஒருவனைக் காப்பாற்றிய கை இன்னொருவனை ஏன் விட்டது என்ற கேள்வி பழையது. அதற்கு விடை கண்டதாகச் சொல்லும் நூல்களை நான் நம்புவதில்லை. எபினேசர் கேள்வி வரைக்கும்கூடப் போகவில்லை. வெளியே வந்தவர் எதிர்வரிசையில் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். அப்போதுதான் தாம் சொன்னது என்ன என்று அவர் காதில் விழுந்தது.

அதன் பிறகு அவரால் ஜெபம் பண்ண முடியவில்லை. முழங்கால் போடுவார், வாய் திறக்காது. கல்பனாவிடம் மன்னிப்புக் கேட்காமல் இனித் திறக்காது என்று அவருக்குப் பட்டது. இரண்டு முறை போய்க் கதவருகே நின்றார். உள்ளே தையல் ஊசி டப்பாவில் விழும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், குழாயடியில் அவரைக் கண்டால் பாதிக் குடத்தோடு போய்விடுவாள்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், அதே குழாயடியில் எபினேசரின் மனைவி மெர்சியிடம் கல்பனா ஒரு புத்தகத்தை நீட்டினாள். நூலக முத்திரை குத்திய நாவல். பாதியில் ஒரு பக்கம் மடித்திருந்தது.

"இத உங்கூட்டுக்காரர வந்து படிச்சிக் காட்டச் சொல்லு. மடிச்ச எடத்துலேந்து."

"நான் படிக்கிறேனே கல்பனா. எனுக்கும் படிக்கத் தெரியும்."

"வாணாம். மைக்குல கேட்ட கொரலுதான் படிக்கணும்."

எபினேசர் அன்று மாலையே போனார். மெர்சியும் கூட வந்து, வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள். கல்பனா நிலைப்படிக்கு உள்ளே ஜாக்கெட்டும் ஊசியுமாக இருந்தாள். எபினேசர் புத்தகத்தைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கல்பனா, அன்னிக்கி நான் சபையில..."

"படிக்க வந்தியா, பேச வந்தியா?"

அவர் படித்தார். கதையில் ஒரு பெண், சிறையிலிருக்கும் கணவனைப் பார்க்க மூட்டையோடு நடந்துபோகிறாள். கோபால் மடித்துவைத்த பக்கத்தில் அவள் ஒரு ஆற்றைக் கடக்கக் காத்திருந்தாள். எபினேசருக்கு வேத வசனம் வாசிக்கிற ராகம்தான் தெரியும். எல்லா வரியையும் அப்படியே இழுத்து வாசித்தார்.

"இது இன்னா, பந்தல்ல பிரசங்கமா? அந்தப் பொம்பள தோணிக்காரன்கிட்ட சண்ட போட்டுனு இருக்கா. சண்ட மாதிரி படி."

மெர்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எபினேசருக்குச் சண்டை மாதிரி படிக்க வரவில்லை. ஆனாலும் முயன்றார். பிறகு ஷிஃப்டு இடம் கொடுத்த மாலைகளில் எல்லாம் போனார். கல்பனா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று பக்கத்திலேயே போதும் என்பாள், எழுந்துவிட வேண்டும்.

அவருக்குள் என்ன நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கதையில் வரும் அந்தப் பெண்ணை அவர் இரவில் நினைத்துக்கொண்டார் என்று மெர்சி சொன்னாள். இல்லாத ஒருத்தி ஆற்றங்கரையில் நனைந்துகொண்டு நிற்கிறாளே என்று வருந்தினாராம். தமக்கு என்ன கிடைத்தது, தம்மிடமிருந்து என்ன விலக்கப்பட்டது என்று மட்டுமே கணக்குப் பார்த்த ஒரு பக்தி, முதன்முதலாக வேறு ஒருவரின் இடத்தில் போய் நின்றது. பெரிய மாற்றம் என்று இதைச் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் இதற்கு முன் அது நடந்ததில்லை.

படிக்கத் தொடங்கிய பிறகு வந்த ஒரு ஞாயிறு, சாட்சி நேரத்தில் யாரும் கூப்பிடாமலே எபினேசர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"போன தடவ நான் சொன்ன சாட்சி தப்பு. ஆண்டவரு என்ன நகத்துனாருன்னு சொன்னேன். நகத்துனது..."

அவர் குரல் அங்கே நின்றது. சபையில் சலசலப்பு எழுந்தது. "சகோதரருக்கு மனசு சரியில்ல, ஜெபிப்போம்" என்று போதகர் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டை எடுத்துக்கொடுத்தார். டாம்பரின்கள் ஒலித்தன. எபினேசர் சற்று நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

அன்று மாலை மெர்சியும் அவருமாகப் புத்தகத்தோடு போனபோது, கல்பனா ஊசியைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"காலைல பாதிலயே நின்னுச்சே. கரண்ட் போச்சா?"

"இல்ல. மைக்க வாங்கிட்டாங்க."

"மீதி இன்னா?"

எபினேசர் மெர்சியைப் பார்த்தார். அவள் காயை உரிக்காமல் நிறுத்தியிருந்தாள்.

"அன்னிக்கி ரெண்டு பேருக்குமே தாகம்தான். ஒரு ஆளு போனா ஒரு ஆளு நிக்கணும். கோபாலுக்கு உதடே வெடிச்சிப் போச்சி. நான் மொதல்ல போறேன்னுகூட சொல்லல. அவன்தான் சொன்னான், 'நீ போ மச்சான், உன் மூஞ்சியப் பாத்தா உளுந்துடுவ போலக் கீது, வர்றப்ப எனுக்கும் ஒரு பாட்டில் தண்ணி எடுத்துனு வா'ன்னு. என்ன நகத்துனது அவன்தான். அத வுட்டுட்டு மீதியெல்லாம் சொன்னேன்."

தெருவில் மில் பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. கல்பனா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மடியிலிருந்த ஜாக்கெட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எடுத்துனு வந்தியா?"

"இன்னாது?"

"தண்ணி. அவருக்கு."

"வந்தேன். பாட்டில் கைல இருந்துச்சி. அவன் கீழ கெடந்தான்."

"குடிச்சாரா?"

"உதட்டுல நனச்சேன். கொஞ்சம் உள்ள போச்சி."

அவள் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, அதை அவள் பிறகும் சொன்னதாக யாரும் கேள்விப்படவில்லை. அவர் அன்று அதைக் கேட்கவும் இல்லை. கேட்கத்தான் இத்தனை நாளும் வந்தோம் என்பதே மறந்தவர்போல, வெறுங்கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

எழுந்து உள்ளே போனவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, அவருக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.

"தோணி ஏறிட்டாளா அவ?"

"ஏறிட்டா. அக்கரைல எறங்கப் போறா."

"படி."

எபினேசர் ஒரு வாய் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.