சொல்லாத சட்டத்துக்கு ஒரு பூச்சியம்

ஓட்டமாவடி மீன் சந்தையில காலம்பற ஐஸ் உடைக்கிற சத்தம்... அது இப்பவும் என்ர காதுக்குள்ள கிடக்கு. செருப்புக்குள்ள மீன்தண்ணி போய், நடக்கிற நேரமெல்லாம் சதக் சதக்கெண்டும்.

நானும் சுகந்தியும் அங்க மீன் வாங்கப் போகல்ல. புவியியல் பாட ஒப்படைக்கு விவரம் எடுக்கப் போன நாங்க.

அப்ப பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில செய்யிற ஒப்படைக்கும் மார்க்ஸ் இருக்கு, அது ஓ.எல். சோதினை ரிசல்ட்டோட வரும் எண்டு டீச்சர்மார் அடிக்கடி சொல்ற காலம். "உங்கட பகுதிச் சந்தை ஒண்டைப் பத்தி எழுதுங்க, சாமான் எங்கயிருந்து வருது, எங்க போகுது?" இவ்வளவுதான் டீச்சர் சொன்னது.

எனக்கு ஊர் கிரான். வயல் வேலை தெரியும், மீனெண்டா நாலு மீன்ர பேர்தான் தெரியும். சுகந்திக்கு மாங்கேணி, அவட அப்பா கடல் தொழில். அவ கேட்டா யாவாரிமார் வேலையை விட்டுப்போட்டுக் கதைப்பாங்க. எது வாவி மீன், எது கடல் மீன், எந்தப் பெட்டி பொலன்னறுவை லொறிக்குப் போகுது... அவ கேக்கக் கேக்க நான் எழுதினன். சந்தைட வரைபடம் நான் கீறினன்.

மறுகா அவங்கவங்க வீட்டில இருந்து தனித்தனியா எழுதிக் குடுத்தம்.

ஒப்படை திரும்பி வந்தது. ரெண்டிலயும் சிவப்பு மையில பூச்சியம்.

"ஒரே அட்டவணை, ஒரே படம். ஒராள் மற்றாள்ற பாத்து எழுதியிருக்கு" எண்டா டீச்சர். "ஆரெண்டு நாளைக்கு வந்து சொல்லுங்க. மற்றாளுக்கு மார்க்ஸ் போடுறன்."

சேந்து போனம் எண்டு நான் சொல்லத் தொடங்கினன். மணி அடிச்சிற்று. டீச்சர் போயிற்றா.

பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள சுகந்தி சொன்னா, "நான்தான் பாத்து எழுதினன் எண்டு சொல்றன் புள்ள."

"என்னத்துக்கு? நீ பாக்கல்லயே."

"ஒனக்கு ஏ.எல்.லுக்குப் புவியியல் வேணும். நான் கொமர்ஸ்தானே படிக்கப் போறன். எனக்கு என்ன வந்தா என்ன?"

"அப்பிடிச் சொன்னயெண்டா நான் ஒன்னோட கதைக்கமாட்டன்" எண்டன். அவட பஸ் வந்திற்று.

அடுத்த நாள் நான் வகுப்புக்கு வாறதுக்கு முந்தியே அவ போய்ச் சொல்லிப்போட்டா.

எனக்கு வகுப்பிலயே கூடின மார்க்ஸ். அவட பூச்சியம் அப்பிடியே. பின் வாங்கில இருந்து ஆரோ அவவைக் "கொப்பியடிச்சவ" எண்டு கூப்பிட்டாங்க. அவ திரும்பிப் பாக்கல்ல, பென்சில் சீவிக்கொண்டு இருந்தா.

இன்ரவலுக்குப் பிரதி அதிபரிட்டப் போனன். கடுமையான ஆள், அவர்ர அறை வாசல்லயே பிள்ளைகள் நிக்கிறல்ல. முழுக்கச் சொன்னன். "சேர், அவ பொய் சொல்லியிருக்கா. எனக்காகத்தான்" எண்டன்.

அவர் ரெண்டு பேரையும் வேற வேறயாக் கூப்பிட்டு, வெறுந்தாள் ஒண்டு தந்து, சந்தையைப் பத்திக் கேட்டார். நான் படம் கீறிக் காட்டினன். சுகந்தி, ஒப்படையில நாங்க எழுதாததையும் சொன்னாவாம். வாடைக்காற்றுக் காலத்தில கடல் மீன் குறைய, வாவி மீனுக்கு எப்பிடி விலை ஏறும் எண்டு.

மறுகா எங்கட முன்னுக்கே டீச்சரிட்டக் கேட்டார்: "சேந்து தகவல் எடுக்கக் கூடாது எண்டு பிள்ளைகளுக்குச் சொன்னீங்களா டீச்சர்?"

டீச்சர் "இல்ல சேர்" எண்டா.

டீச்சர்ல எனக்கு மரியாதை வந்தது அதுக்குப் பிறகுதான். அடுத்த பாடத்துக்கு வந்தவ, புத்தகத்தைத் திறக்க முந்தி வகுப்புக்கே சொன்னா: "நான் சொல்லாத சட்டத்துக்குத் தண்டனை குடுத்திட்டன். சுகந்தி ஆர்ர வேலையையும் பாத்து எழுதல்ல." பிறகு, எதைச் சேந்து செய்யலாம், எதைத் தனியச் செய்யோணும் எண்டு கரும்பலகையில எழுதிப் போட்டா. எங்க ரெண்டு பேரையும் முடிவுரையை மட்டும் திருப்பித் தனித்தனியா எழுதச் சொன்னா. அதில சுகந்திக்கு என்னை விடக் கூட மார்க்ஸ்.

இப்ப என்ர மகள் பத்தாம் வகுப்பு. ஒப்படை எண்டா வாட்ஸ்அப் குரூப்பில எல்லாம் வந்திரும். எதுக்கு எத்தினை மார்க்ஸ், எப்ப குடுக்கோணும், ஆர் என்ன செய்யோணும்... எல்லாம் தெளிவா இருக்கும். நல்லதுதான். எங்களுக்கு வந்த மாதிரிக் கரைச்சல் அவங்களுக்கு வராது.

கிட்டடியில மகளோட நாலு பேர் சேந்து ஒரு ஒப்படை செஞ்சாங்க. அதில ஒரு பிள்ளையிர வீடு எங்க எண்டு கேட்டன். "தெரியாம்மா, நம்பர் மட்டும்தான் இருக்கு" எண்டாள்.

சுகந்தி இப்ப வாழைச்சேனையில கடை வெச்சிருக்கா. போற நேரமெல்லாம் ஒருக்கா இந்தக் கதை வரும். நீ அண்டைக்கு அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது எண்டு நான் சொல்லுவன்.

அவ இன்னும் ஒத்துக்கொள்ளல்ல.