அண்ணாச்சி பார்க்காமல் போட்ட கையெழுத்து

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பல வருஷமாக ஒரு தாள் இருக்கிறது. படிக்கட்டு மாதிரி இறங்கும் மெல்லிய கறுப்புக் கோடுகள், ஒன்றுகூட அறுபடவில்லை. ஓரத்தில் சாம்பார்க் கறை. கீழே தேதியோடு ‘காலை ஒன்பது மணி’ என்று என் எழுத்து, அதற்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் கையெழுத்து.

அண்ணாச்சி எனக்கு உறவில்லை. சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சுக் கம்பெனியின் சூப்பர்வைசர். பட்டாசுப் பெட்டி ஒவ்வொன்றிலும் வேறு வேறு எண் அடிக்கும் இங்க்ஜெட் மிஷின் அப்போதுதான் அங்கே வந்திருந்தது. அச்சுப் பிளேட் வேண்டாம், பெட்டியைத் தொடவும் வேண்டாம். ஹெட் என்கிற சின்னத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள், அதிலிருந்து மை தெறித்து எழுத்தாகும். துளை அடைத்தால் கோடு அறுந்துவிடும். அதனால் காலையில் முதல் வேலை, சோதனைத் தாள் ஒன்று அடிப்பது. ஆபரேட்டர் தேதியும் நேரமும் எழுத வேண்டும், சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாச்சி ஒருநாளும் பார்த்ததில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கிறுக்கிவிட்டு, “தெனம் ஒரு தாளு, தெனம் இம்புட்டு மை. மை என்ன கெணத்துத் தண்ணியா?” என்பார்.

தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, வேறு எங்கோ மலிவாக வாங்கிய மையை மிஷினில் ஊற்றிக்கொண்டிருந்தார். கலக்கக் கூடாது என்றேன். “எல்லாம் கறுப்புதான? ஊத்துனா ஓடும். போய் வேலையப் பாரு.” ஒரு மணி நேரத்தில் இரண்டு மையும் பால் திரிந்த மாதிரித் திரிந்து ஹெட்டை அடைத்துவிட்டன. அனுப்ப வேண்டிய லோடு நின்றது. முதலாளி வந்தார். பெட்டி ஒட்டும் அத்தனை பேர் முன்னாலும் அண்ணாச்சி கூசாமல் சொன்னார்: “காலையிலயே ஹெட்டத் தொடைக்காம ஓட்டிருக்கா மொதலாளி. பொம்பளப் புள்ளகிட்ட மிசினக் குடுத்தா வேற என்ன நடக்கும்?”

அன்றைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பையைத் திறந்தால், சாம்பார் ஒழுகிய டப்பாவைச் சுற்ற நான் எடுத்த தாள், அன்று காலைச் சோதனைத் தாள். காலையில் ஹெட் அடைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்று மறுநாள் எடுத்துக்கொண்டு ஓடினேன். “ஒங்கள உள்ள விடக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாக” என்றார் வாட்ச்மேன். அதன்பின் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் எனக்கு முன்னால் ஒரு பெயர் போய் உட்கார்ந்திருந்தது: ஹெட்டக் கொன்ன புள்ள. நர்ஸாக இருந்த அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கோயிலிலிருந்து வந்து, “மன்னிச்சிரு, அவரு பாவம்” என்பாள். எனக்கு மனசு வரவில்லை. மதுரைக்குப் போய், அந்த மிஷின்களை விற்கிற கம்பெனியிலேயே சேர்ந்து, ஹெட்டைக் கழற்றி மாட்டுவது வரை கற்றேன்.

போன மாதம் சாத்தூரில் ஒரு கம்பெனியிலிருந்து, ஹெட் அடைத்துவிட்டது என்று அழைத்தார்கள். மிஷின் பக்கத்தில் முதலாளியும், அழுது முகம் வீங்கிய ஆபரேட்டர் அக்காவும். அவர்களுக்கு நடுவில் மேனேஜராக அண்ணாச்சி. தலை நரைத்திருந்தது, பேச்சு நரைக்கவில்லை. “இந்தம்மா சரியாத் தொடைக்கல மேடம்.” என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மைத் தொட்டியைத் திறந்தேன். அதே திரிந்த மை. மை ஊற்றியது யார் என்று கேட்டேன். அக்கா அண்ணாச்சியைப் பார்த்தாள்.

முதலாளி போன் பேச வெளியே போனதும் அண்ணாச்சி கிட்ட வந்தார். “ரிப்போர்ட்டுல மிசின் கோளாறுன்னு ஒரு வார்த்த எழுதிருங்க மேடம். இந்த வயசுல வேற எங்கன போவேன்? எம் பொழப்பு உங்க கையில இருக்கு.”

எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. என் பிழைப்பும் ஒருநாள் அவர் கையில்தானே இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன்: வேறு மை கலந்திருக்கிறது, ஆபரேட்டர் மேல் தவறில்லை. பிறகு ஒரு சோதனைத் தாள் அடித்தேன். பாதிக் கோடுகள் இல்லை. முதலாளி திரும்பி வரும்வரை காத்திருந்து, தாளையும் பேனாவையும் அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

“அன்னைக்கு மாதிரிப் பாக்காமப் போட்டுறாதீக அண்ணாச்சி. ஒவ்வொரு கோடாப் பாத்துப் போடுங்க.”

நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு இரக்கம் வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை.

அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டதாக அந்த அக்கா போனில் சொன்னாள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அடியில் இப்போது இரண்டு தாள்கள். பார்க்காமல் போட்டது ஒன்று, பார்த்துப் போட்டது ஒன்று. காலையில் டீ டம்ளரை அந்த இரண்டாவது கையெழுத்தின் மேல்தான் வைக்கிறேன்.