கஞ்சிராவைப் பார்த்த கழுத்து

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் நான் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தேன். என் கழுத்து பிடித்துக்கொண்ட காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கச்சேரிகளுக்குப் புதிதாக ஒரு கஞ்சிராக்காரர் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மேடையில் எனக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால் உட்காருவார். அந்தச் சின்னத் தோலை அவர் நாலு தட்டுத் தட்டினால் போதும், கூட்டம் சபாஷ் போடும். நான் இருபது வருஷம் வாசித்தும் எனக்கு அப்படி விழுந்ததில்லை.

ஆறே மாதத்தில் என் கழுத்து இடப்பக்கமாகக் கோணி நின்றது. நேராக நிமிர்த்தினால் வலி தோளில் இறங்கி விரல்வரை போகும். ஆலங்குடி வைத்தியரின் தைலத்துக்கும் கேட்கவில்லை, மணல் ஒத்தடத்துக்கும் கேட்கவில்லை. மிருதங்கத்தின் கனம்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திருவரங்குளம் கோயில் கச்சேரியன்று அவர் தன் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, பிடில்காரர் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே உட்கார வந்தார். உட்காருமுன் என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. நான் வாசிக்கிறப்பல்லாம் ஒங்க கழுத்து என் பக்கமே திரும்பி நிக்கிது. இனிமே நான் இங்கிட்டே உக்காந்துக்கிறேன். நேராவே பாருங்க."

எனக்கு முகம் சுட்டது. சபாஷ் விழும்படி அவர் விரல்கள் அப்படி என்னதான் செய்கின்றன என்று பார்க்கத்தான் நான் திரும்பித் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதத்தில் கழுத்து சரியாகிவிட்டது. அவருக்குச் சபாஷ் விழும்போது உள்ளே எரிவது மட்டும் நிற்கவில்லை. அதற்கும் அவரிடம் மருந்து இருந்திருக்கும். நான்தான் கேட்கவில்லை.