எச்சில் குழாயும் அண்ணனின் தாகமும்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தேநீர் ஊற்றியவர், "கொசோங் யாருக்கு?" என்று கேட்டார். சீனி போடாத தேநீருக்கு அப்பாவும் அவருடன் பிறந்த நால்வரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். ஐவருக்குமே நாற்பது வயதைத் தாண்டி வந்த இனிப்பு நீர், சர்க்கரை நோய். உயிரியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது: இது சோறு மட்டும் செய்த வேலையில்லை, மரபணுவிலும் ஏதோ இருக்கிறது.

அந்த வாரமே இணையத்தில் ஒரு மரபணுப் பரிசோதனைக் குழாய் வாங்கி, எச்சிலைத் துப்பி அனுப்பினேன். இனிப்பு நீர் வர 'சராசரியைவிடக் குறைந்த அபாயம்' என்று பச்சை நிறத்தில் அறிக்கை வந்தது. துள்ளிக் குதித்து அந்தப் பக்கத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. அப்படியென்றால் அந்த ஐந்து பேர்? கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். எங்கள் ஆட்களின் மரபணு மாறுபாடுகளை அது எவ்வளவு அறியும்?

அதற்குள் அண்ணன் அந்தப் பச்சைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். பகாவ் பக்கம் செம்பனை லாரி ஓட்டுகிறவன். சில வாரங்களாகச் சட்டை தொளதொளக்கிறது, தண்ணீர்ப் போத்தல் கையைவிட்டு இறங்குவதில்லை.

"ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒனக்கு இல்லன்னா எனக்கு எப்படிலா வரும்?"

"கூடப் பொறந்தாலும் எல்லாம் ஒண்ணா வராதுண்ணே. அந்த ரிப்போர்ட்டே எனக்குச் சந்தேகமா இருக்கு. நீ ஏன் இவ்வளவு தண்ணி குடிக்கிற?"

"லாரில ஏர்கோன் இல்ல. ஒரு நாள் வந்து உக்காந்து பாரு, டாக்டரம்மா."

விடாமல் நச்சரித்ததும், "சரி, அடுத்த வாரம் கிளினிக் போறேன். மூணு நாளு வாயக் கட்டிட்டுப் போனா நல்லா வரும்" என்றான்.

அது இன்னும் மோசம். எங்கள் வீட்டில் கிளினிக் தேதி பரீட்சை மாதிரி. மூன்று நாள் முன்பே அப்பா சோற்றை நிறுத்துவார், பாகற்காய்ச் சாறு குடிப்பார். எண் அழகாக வரும். திரும்பும் வழியிலேயே எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய், பாலும் சீனியும் தூக்கலான தே தாரேக். அண்ணன் அதைத்தான் கற்றிருக்கிறான்.

மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை இப்படி ஏமாற்ற முடியாது. அதற்குப் பட்டினியும் வேண்டாம். நாளை அவனுக்கு விடுப்பு. பசியாறி முடித்த கையோடு கிளினிக்குக்குக் காரில் ஏற்றிவிடப் போகிறேன். வரமாட்டேன் என்பான். முதலில் என் கையைக் குத்தச் சொல்வேன், அந்தப் பச்சைப் பக்கத்தையும் சேர்த்துச் சோதித்துவிடலாம் என்று.