ரேடியேட்டருக்கு நான் ஊற்றிய தண்ணீர்

தெரியாமல் ஊற்றினேனா... தெரிந்தே ஊற்றினேனா?

ஒரு மாதத்துக்கு மேலாக இந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன், துவைக்கிறேன், மகளுக்குச் சோறு ஊட்டுகிறேன். பதில் கிடைத்தபாடில்லை. உங்களிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. ஏறக்குறைய என் அப்பாவின் வயது. சிவப்பு நிறம், மடித்து வைக்கும் கூரை, தரையோடு தரையாக ஓர் உயரம். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு மலைநாட்டில் யாரிடமோ வாங்கினாராம். அந்த வகையில் அது எனக்கு சீனியர். எங்கள் ஊர் வழக்கப்படி, கல்யாணமாகி என் வீட்டுக்குக் குடிவந்தபோது அவர் கொண்டுவந்தவை இரண்டு சூட்கேஸும் இந்தக் காரும்தான். சூட்கேஸ்களை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டோம். கார் போர்டிகோவை எடுத்துக்கொண்டது.

அதில் இரண்டே சீட். நாங்கள் மூன்று பேர். இது ஏன் எனக்கு மட்டும் உறுத்துகிறது?

நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. ஆனால் நான் தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்து மூன்று நாளாகியும் கவனிக்காதவர், எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்து ஓடுவார். காரின் பானட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார் — நான் மகளின் நெற்றியில் வைப்பேனே, அதேபோல. ஓர் இரும்புச் சாமானைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஆனால் படுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு அவருக்குக் கொழும்பில் இரண்டு மாதப் பயிற்சி வந்தது. புறப்படும் நாள் காலையில் என்னைக் காரின் முன்னால் நிறுத்தி வகுப்பெடுத்தார்.

"ஞாயித்துக்கிழமைல ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு புள்ள. பத்து நிமிசம் ஓடட்டும். அதுக்கு முதல் ரேடியேட்டர் மூடியத் திறந்து பாரு. தண்ணி குறைஞ்சிருந்தா ஊத்து. வாங்குற தண்ணி, இல்லாட்டி பைப் தண்ணி. நம்மட கிணத்துத் தண்ணி மட்டும் வேணாம். உப்பு. விளங்கிட்டா?"

"விளங்கிட்டு. மகளப் பத்தி ஒண்டும் சொல்லல்லையே?"

"அதெல்லாம் உனக்குத் தெரியும்தானே."

தெரியும்தான். சரியாகச் செய்கிறேனா, பிழையாகச் செய்கிறேனா என்று ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து தெரிந்து வைத்திருக்கிறேன். அதற்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

கடல்நீர் கலக்கும் இந்த வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு எங்கள் கிணற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சோப் நுரைக்காது. கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு. மகளுக்குக் காய்ச்சல். பைப்பில் தண்ணீர் வரவில்லை. கேனில் கொஞ்சம் குடிதண்ணீர் மிச்சமிருந்தது, அவளுக்குக் கஞ்சி வைக்க. அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து அவர் போன் கோல் எடுத்தார்.

"ஸ்டார்ட் பண்ணினியா? சத்தம் எப்பிடி?"

"மகளுக்குக் காய்ச்சல்."

"ஐயோ... மருந்து குடுத்தியா? கூடினா டொக்டரிட்டக் காட்டு, என்ன? ம்... தண்ணி பார்த்தியா?"

போனை வைத்தேன். கிணற்றடிக்குப் போனேன். ஒரு ஜக் நிறைய அள்ளி வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும், காருக்காக அதை எடுக்க முடியுமா? காரணம் சரியாகத்தான் இருந்தது.

மற்ற ஏழு ஞாயிறும்?

பைப்பில் தண்ணீர் வந்தது. கேனும் நிறைந்திருந்தது. கால் மட்டும் கிணற்றடிக்கே போனது. பழக்கமா? அலட்சியமா? ஊற்றும்போது, 'குடி, உனக்கு இது போதும்' என்று மனதுக்குள் ஒருதரம் சொன்னேன். அது எத்தனையாவது ஞாயிறு? அதுவும் நினைவில்லை.

அவர் திரும்பி வந்ததும் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். "நல்லாத்தான் பார்த்திரிக்காய்" என்றார். கல்யாணமாகி எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. அதிலும் பாதி காருக்கு.

அடுத்து என் தம்பிக்குக் கல்யாணம், செட்டிபாளையத்தில். மாப்பிள்ளையாகப் போவதற்கு அந்தக் காரைக் கேட்டான். இவரும் அரை மனதோடு கொடுத்தார். இரண்டு நாள் பெண் வீட்டு வளவில் நின்றுவிட்டு வந்தது.

ஒரு கிழமை கழித்துப் புதுத் தம்பதியைப் பார்க்கப் புறப்பட்டோம். அவர் காரில். நானும் மகளும் பின்னால் ஓட்டோவில். ஆரையம்பதி தாண்டியதும் பார்த்தால், சிவப்புக் கார் வீதியோரத்தில் நிற்கிறது. முன்பக்கம் முழுக்க ஆவி. எங்கள் ஓட்டோ அதை முந்திப் போய் நின்றது. முந்தின அந்த ஒரு கணம் நன்றாக இருந்தது... மன்னியுங்கள்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு காத்தான்குடியில் ரேடியேட்டர் திருத்தும் ஒரு முஸ்லிம் அண்ணனிடம் போனோம், எல்லோருக்கும் அவர் 'நானா'. அவர் கழற்றி, மேல்பக்கத்தைத் திறந்து, உள்ளே விரல் விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"தம்பி, இது ரேடியேட்டர் இல்ல, உப்பளம். இனித் திருத்த ஏலா. புதுசுதான் போடணும்."

"உப்புத் தண்ணியா? நானா, ஆரு ஊத்தின?"

"அது நீங்கதான் சொல்லணும். நல்ல உவரான கிணத்துத் தண்ணி."

கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரெண்டு நாள் செட்டிபாளையத்துல நிண்ட. மாப்பிள்ளைட வேலதான்."

"ரெண்டு நாள்லயா தம்பி இவ்வளவு பிடிக்கும்?" என்று நானா இழுத்தார். இவர் காதில் அது விழவில்லை. நானா என் பக்கம் திரும்பினார். நான் மகளின் முகத்தைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த முகத்தை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு ஸ்பீக்கரில் கோல் போனது. "நான் மணவறையில இருந்தன் அத்தான், ஆரு ஊத்தினாங்களோ தெரியா. பிழைதான், மன்னிச்சுக்கங்க" என்றான். செய்யாததற்கு மன்னிப்பு! அருகில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

புது ரேடியேட்டர் இங்கிலாந்திலிருந்து வந்துசேரவே ஒரு மாதம் ஆனது. நேற்று, சனிக்கிழமை காலை, அவரே அதைக் காரில் பூட்டினார். நான்தான் உதவி.

"புள்ள, இஞ்ச வா. ரெண்டு கையாலயும் பிடி. ஆடக்கூடா."

அவர் காருக்கு அடியில் போய்விட்டார். ரேடியேட்டரை ஏந்திக்கொண்டு நின்றேன். பளபளவென்று புதிது. இதைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை, மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன். கையை விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. விடவில்லை.

அடியிலிருந்து பேச்சு வந்தது. "அடுத்த ஞாயிறு உன்ட தம்பி விருந்துக்கு வாறான்தானே. பழைய ரேடியேட்டர வாசல்லயே வெக்கப்போறன். புதுப் பொம்புளையும் பார்க்கட்டும், மாப்பிள்ளைட வேலைய."

"பகிடிக்குத்தானே சொல்றீங்க?"

"பகிடிதான்."

எனக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு கால்கள் மட்டும். கால்களைப் பார்த்து, விளையாட்டா நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நீ ரெண்டு மாசம் பார்த்தாய், ஒண்டும் நடக்கல்ல. அவன் ரெண்டே நாள்ல..."

ரேடியேட்டர் என் கையில் ஒருபக்கம் சரிந்தது.

"ஆட்டாத புள்ள!"

பூட்டி முடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைநிறக் கூலன்ட் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினார். சூடு காட்டும் ஊசி நடுவில் ஏறி அப்படியே நின்றது. மீதி கூலன்ட் கேனை என் கையில் தந்து, "இத நீயே வெச்சிரு. உன்ன விட்டா ஆர நம்புற?" என்றார்.

கேன் இப்போது குசினி அலுமாரியில், மகளின் பால்மாவுக்கு இரண்டு தட்டு மேலே, அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மேல்தட்டைப் பார்க்காமல் பால்மாவை எடுக்கிறேன்.

விருந்துக்கு இன்னும் ஏழு நாள். அந்தப் பழைய ரேடியேட்டருக்கு முன்னால் தம்பி தன் மனைவியோடு வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. சொல்லத்தான் போகிறேன். எவ்வளவு சொல்வது என்பதில்தான் சிக்கல்.

தண்ணீர் வராத அந்த ஒரு ஞாயிறை மட்டும் சொன்னால், "அதுக்கென்ன, மகளுக்குத் தண்ணி வேணும்தானே" என்று விட்டுவிடுவார். தம்பியும் தப்பிவிடுவான். ஆனால் அது எட்டில் ஒரு பங்கு உண்மை. மீதி ஏழையும் சொல்வதென்றால், 'உங்கள் காரைப் பார்த்து எனக்குப் பொறாமை' என்று சொல்ல வேண்டும். ஒரு குழந்தைக்குத் தாய் அதை எந்த வாயால் சொல்வது?

ஒன்றா, எட்டா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் உதவி. வீட்டு முகவரிக்கு வேண்டாம், பத்திரிகைக்கே அனுப்புங்கள். தபாலைப் பிரிப்பவர் அவர்.

இந்தப் பத்தியை அவர் வாசித்துவிட மாட்டாரா என்கிறீர்களா? அவர் வாசிப்பது காரோடு வந்த கையேடு ஒன்றைத்தான். அதில் என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.